அண்ணி சொல்லும் ரைட்

1. அப்பாவுக்கு இனி ஊசியும் ஆபரேஷனும் வேண்டாம், வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.
2. அண்ணன் அவரைக் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.
3. பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அண்ணி நீண்ட லீவு போட்டுவிட்டு, சிதம்பரத்தில் நான் நடத்தும் வகுப்புக்கு வந்து கற்றுக்கொண்டு போனார்.
4. கற்றதில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டார்.

அந்த நான்காவதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நான் பிசியோதெரபி படித்தவள். குணப்படுத்த முடியாத நோயாளிகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வாயை ஈரத்துணியால் துடைப்பது, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் தலையணை கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. புரட்டுவதற்கு ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்து முதுகுக்குக் கீழே விரிப்போம். ஆளுக்கொரு பக்கம் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். மூன்றில் இருவரும் சேர்ந்து புரட்ட வேண்டும். எண்ணாமல் செய்தால் நோயாளி பயந்து உடம்பை இறுக்கிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை மஞ்சக்குப்பம் போனபோது அப்பாவைப் புரட்டும் நேரம். அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். அண்ணி எண்ணவில்லை.

“என்னா மாமா, எல்லாரும் ஏறியாச்சா? போலாம், ரைட்!”

அப்பா முழங்காலை மடித்து, பாதி தானே திரும்பிவிட்டார். சிரிக்கவும் செய்தார்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கடலூர்–சிதம்பரம் ரூட். அம்மா இறந்தபின், பள்ளி விடுமுறைகளில் என்னைக் கூடவே ஏற்றிக்கொள்வார். புதுச்சத்திரம் தாண்டியதும் கூட்டம் குறையும். அப்போது, “நீ சொல்லும்மா” என்பார். நான் ரைட் சொன்னால்தான் வண்டி நகரும். அண்ணனுக்குக்கூட அது கிடைத்ததில்லை. அந்தச் சொல் எனக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

“இத யாரு சொல்லிக் குடுத்தாங்க அண்ணி?”

“மாமாதான். நான் எண்ண ஆரம்பிச்சேன். ‘என்னாம்மா, வாய்ப்பாடு ஒப்பிக்கிறே, ரைட் குடு’ன்னாரு. அதுலேர்ந்து இதான். நல்லா திரும்பறாரு பாப்பா.”

நன்றாகத் திரும்புகிறார், அதுதான் தாங்கவில்லை. குறை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். முதுகில் சிவப்பு இல்லை. குதிகாலில் இல்லை. உதடு காயவில்லை. வேறு யாராவது இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் வகுப்பில் எடுத்துச் சொல்லிப் பாராட்டியிருப்பேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் கேட்டேன்.

“என்கூட சிதம்பரம் வந்துடுப்பா. கட்டில்கூட வாங்கிட்டேன். ஆம்புலன்ஸ்ல படுக்க வெச்சி இட்டுனு போறேன். நான்தானே இதெல்லாம் படிச்சவ?”

“வண்டி டிப்போவுக்கு வந்துட்டுதும்மா. திரும்ப ட்ரிப் அடிக்கச் சொல்றியே.”

“அங்க இன்னும் நல்லா பாத்துப்பேன்.”

“எனக்குத் தெரியாதா? ஆனா வாணாம்.”

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கும் கோபம் வந்தது.

அடுத்து புரட்டும்போது அண்ணன் வெளியே போயிருந்தான். அவன் பக்கத்தை நான் பிடித்தேன். அண்ணி வாயைத் திறக்கும் முன் நானே, “போலாம், ரைட்” என்றேன்.

அப்பா அசையவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“ஒரு வண்டிக்கு ஒரு கண்டக்டர்தாம்மா. ரெண்டு பேரு ரைட் குடுத்தா ஓட்டறவன் கொழம்பிடுவான். அண்ணி சொல்லட்டும், நீ கெட்டியா புடி.”

அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “ரைட், மாமா” என்றார். அப்பா முழங்காலை மடித்தார். நான் கெட்டியாகப் பிடித்தேன்.

அப்பா மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறார். சிதம்பரத்தில் கட்டில் இன்னும் பிரிக்காமல் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் போய் வேட்டியின் மறு ஓரத்தைப் பிடிக்கிறேன். ரைட் அண்ணிதான் சொல்கிறார். வகுப்பில் நான் இன்னும் ஒன்று, இரண்டு, மூன்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.