உப்பு இல்லை என்று எழுதிய நாட்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி ஞானம்மாளின் வலது கை வளையல் கழலவில்லை. சோப்பு போட்டு இழுத்தும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுடைய கன்னமும் கண் இமைகளும் உப்பியிருந்தன.

நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுவது என் வழக்கம். முதல் புத்தகம் சுதந்திரம் வந்த வருஷத்தது. அவள் கன்னம் உப்பிய அன்று நான் எழுதியது இது: "ஞானம் சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள். மகிழ்ச்சி." எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக மெலிந்தே இருந்தவள் உடம்பு தேறுகிறாள் என்றே நம்பினேன்.

இதே நோய் உள்ள வீடுகளுக்கு உதவக்கூடும் என்று இதை எழுதுகிறேன். அதனால் என் தவறுகளையும் விடாமல் எழுதுகிறேன்.

ஓசூரில் எங்களைப் பார்த்த டாக்டர் கன்னடக்காரர், வயதானவர். அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. பிறகு அவளுடைய சிறுநீரைச் சோதனைக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தெளிவாக இருந்தது திரிந்து, முட்டை வெந்ததுபோல வெள்ளையாகக் கட்டிக்கொண்டது. அது ஆல்புமின் (இரத்தத்தில் தங்க வேண்டிய சத்து) என்றார். நோயின் பெயர் சிறுநீரக அழற்சி (சிறுநீரகம் புண்பட்டு, உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேற்ற முடியாமல் போவது). என் மனைவி பூசியிருக்கவில்லை. அவளுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.

"மருந்து கொஞ்சம்தான் ஸ்வாமி. சமையல்தான் வைத்தியம். உப்பை நிறுத்திடுங்க. தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது அதுதான்" என்றார்.

"ஒரு சிட்டிகைகூடவா?"

"ஒரு சிட்டிகை ஒரு நாள் ஆயுசுன்னு வெச்சுக்கோங்க."

அன்று மாலையே உப்புச் சாடியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அவள் அடுப்பருகில் நிற்கக் கூடாது என்பதால் சமையலை நானே ஏற்றேன். நாட்குறிப்பில் மூன்று பத்திகள் போட்டேன்: சமைத்தது, சிறுநீரின் அளவு, உப்பு. மூன்றாவது பத்தியில் தினமும் "இல்லை" என்று எழுதினேன்.

நான் மத்திகிரியில் ஒரு மாட்டுப் பண்ணையில் எழுத்தர். கன்றுகளின் எடையைப் பதிவது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் அவளையும் அந்தத் தராசில் நிறுத்தினேன். நீர் ஏறுவதும் இறங்குவதும் எடையில் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கன்னுக்குட்டியை நிறுக்கிற மாதிரி நிறுக்கிறீங்களே, காதுல நம்பரும் குத்திடுங்க" என்றாள்.

முதல் இரண்டு வாரத்தில் ஆறு ராத்தல் (பவுண்டு) குறைந்தது. பக்கத்து ஊரான தளியிலிருந்து வரும் நூக்கோல், பீன்ஸ், முள்ளங்கி எல்லாவற்றையும் வேகவைத்து, தேங்காய் தூவிக் கொடுத்தேன். அவள் வாயில் வைத்துவிட்டு நெடுநேரம் விழுங்காமல் இருப்பாள். "சுண்ணாம்பு தின்ற மாதிரி இருக்கு" என்பாள். மூன்றாவது வாரம் கஞ்சியையும் ஒதுக்கினாள். வீக்கம் வடிந்த முகத்தில் கன்ன எலும்புகள் தெரிந்தன. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

டாக்டரிடம் ஓடினேன். "சத்தும் வேணும். கொஞ்சம் மீன் குடுங்க, நல்லது" என்றார்.

எங்கள் பக்கத்தில் மீன் என்றால் மழைக்காலத்தில் ஏரி மீன், மற்ற மாதங்களில் சந்தைக் கருவாடு. நான் பிறந்தது தேன்கனிக்கோட்டை. நாற்பத்தாறு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஞானம்மாள் நாகப்பட்டினத்துக்காரி, கல்யாணத்துக்கே இங்கே அழைத்து வந்துவிட்டார்கள். கடல் மீன் என்றால் அவளுக்கு உயிர். ஆகவே சந்தைக்குப் போய், நெத்திலிக் கருவாடு நல்லதாகப் பார்த்து வாங்கினேன். தலை கிள்ளி, வெந்நீரில் மூன்று முறை கழுவினேன். கத்தரிக்காயும் பச்சை மொச்சையும் சேர்த்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். உப்பு போடவில்லை.

ருசி பார்த்தேன். கரித்தது. கடலிலேயே கிடந்த மீன், அதன் உப்பு அதற்குள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். உப்பு என்றால் சாடியிலிருந்து நாம் எடுத்துப் போடுவது என்றுதான் என் மனதில் இருந்தது.

"கடல் மீனுக்குச் சொந்தமா உப்பு இருக்கும்போல, ஞானம்" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்கும்" என்றாள்.

அன்று அவள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு மூன்றாவது பத்தியில் வழக்கம்போல "இல்லை" என்று எழுதினேன்.

அதன்பிறகு தினமும் கருவாடுதான். அடுத்த வெள்ளி நான்கு ராத்தல் கூடியிருந்தது. அதற்கடுத்த வெள்ளி மேலும் ஐந்து. சாப்பிடுகிறாள், சதை பிடிக்கிறது என்று முடிவு செய்தேன். ஒரு முறை விரலால் அழுத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தவனுக்குச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை நண்பகல், பக்கத்து வீட்டிலிருந்து பண்ணைக்கு ஆள் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். படுக்க முடியவில்லை. தலை வெடிக்கிறது என்றாள். ஜட்கா வண்டியில் ஏற்றிப் பாதி வழி போவதற்குள் அவள் கண்கள் மேலே செருகி, கை கால்கள் வெட்டி இழுத்தன. உதட்டோரம் நுரை. குதிரைக்காரர் தன் சாட்டைக் கம்பை அவள் பற்களுக்கிடையே வைக்கக் கொடுத்தார்.  கம்பு என் கையிலிருந்து கீழே விழுந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ஊசி போட்டார், இரத்தம் எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு சற்றுச் சீரானது. பிறகு, நான் எப்போதும் கையோடு கொண்டுபோகும் நாட்குறிப்புக்காகக் கை நீட்டினார். "அந்தப் புஸ்தகத்தைக் குடுங்க."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"இது என்ன ஸ்வாமி? நெத்திலி?"

"மீன் கொடுக்கச் சொன்னீர்கள்."

"பச்சை மீனா, காஞ்சதா?"

"காய்ந்தது. மூன்று முறை கழுவினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உப்பில்லாம கருவாடு எந்த ஊர்ல போடறாங்க? உள்ளே ஊறினதை வெளியே கழுவினா போகுமா? இத்தனை நாளா உப்பையே குழம்பு வெச்சுக் குடுத்திருக்கீங்க."

 புத்தகத்தைத் திருப்பி வாங்கி, அங்கேயே நின்று எண்ணினேன். கருவாடு சமைத்த நாட்கள் இருபத்திரண்டு. என் கையெழுத்தில், கோடு பிசகாமல், இருபத்திரண்டு "இல்லை".

மூன்றாம் நாள் அவள் பேசினாள். நான் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"கருவாட்டில் உப்பு உண்டென்று உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? எங்க அத்தை வீட்டுல மீனைக் கீறி, உப்பை அள்ளி அள்ளி அடுக்கினவ நான்தானே. கையெல்லாம் புண்ணாப் போயிருக்கும்."

"ஏன் சொல்லவில்லை?"

"முதல் நாளே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க கரண்டியும் கையுமா, பரீட்சை எழுதின பையன் மாதிரி நின்னீங்க. ஒரு வாய் போட்டேன். அப்புறம் சொல்ல மனசு வரலைங்க."

"செத்துப்போயிருப்பாயே."

"உப்பில்லாம இருந்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை.  பதினாறு வருஷத்தில் எங்களுக்குள் மறைத்தது ஒன்றுமில்லை என்று நான் நம்பியிருந்தேன். நோயும் பசியும் அவளைத் தனியாக ஓரிடத்துக்குக் கொண்டுபோயிருந்தன. நான் அருகில் நின்று அளந்துகொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. உப்புச் சாடியை அகற்றினால் போதாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சோடா உப்பு எல்லாம் உப்புதான். டாக்டர் மீன் என்றால் எந்த மீன் என்று கேளுங்கள். நோயாளிக்கு என்ன தெரியும் என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுங்கள். ருசியே இல்லாவிட்டால் அவர் வேறு வழி தேடுவார்.

இந்த ருசியை அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். அடுக்களை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து சொல்வாள், நான் செய்வேன். சின்ன வெங்காயத்தை ஓரம் கருகும்வரை வதக்க வேண்டும். மிளகையும் மல்லியையும் வறுத்து அப்போதே பொடிக்க வேண்டும். ஏரிக் கெண்டையை மஞ்சளும் பூண்டும் தடவி, மண்சட்டியில் அதன் நீரிலேயே வேகவிட வேண்டும். "எலுமிச்சையை இறக்கின பிறகு பிழியுங்க. அடுப்புல இருக்கிறப்ப பிழிஞ்சா கசக்கும். எத்தனை தடவை சொல்றது, கன்னுக்குட்டிக்கே ஒரு தடவைதான் சொல்லணும்" என்பாள்.

ஒரு முறை பெங்களூர் மார்க்கெட்டிலிருந்து, ஐஸில் வைத்த வஞ்சிரம் ஒரு துண்டு வாங்கி வந்தேன். உப்பில்லாமல் மிளகிட்டு வேகவைத்து, முதலில் நான் ருசி பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். கரிக்கவே இல்லை. மெல்லிய இனிப்புகூட இருந்தது.

"கடல் மீனில் உப்பே இல்லையே!"

அவள் பலகையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கடல்ல இருந்தா மீன் உப்பாயிடுமா? நீங்க இத்தனை வருஷம் மாடுங்களோட இருக்கீங்களே, அம்மான்னா கத்துறீங்க?"

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு எளிய ஒன்று எனக்குத் தெரியாமல் போனதால், அவளைச் சாவின் வாசல்வரை நான் கொண்டுபோயிருக்கிறேன்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. நீர் முழுதும் வடிந்தபோது அவள் எண்பத்தொரு ராத்தல் இருந்தாள். இவ்வளவு சிறிய உடம்பா என்று திடுக்கிட்டேன். சோதனைக் குழாயில் இன்னும் மெல்லிய வெண்மை படிகிறது. "அது போகாது ஸ்வாமி. அதோட வாழலாம். அடுத்த மாசம் வாங்க" என்கிறார் டாக்டர். எத்தனை வருஷம் என்று நான் கேட்பதில்லை. எங்களுக்கு இப்போது காலம் என்பது அடுத்த மாதம்வரைதான். அது முடிந்ததும் இன்னொன்று கிடைக்கிறது.

அவளோடு நானும் உப்பை விட்டிருந்தேன். போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணச் சாப்பாடு. முதல் கவளம் சாம்பார் சாதம் நாக்கில் பட்டதும் நெருப்புச் சுட்டதுபோல் துள்ளினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பந்தியில் மற்றவர்கள் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது என் நாக்கு இல்லை என்று தோன்றியது. பக்கத்து இலையில் அவள், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாதத்தைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள்.

"எப்படி இருக்குங்க? எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

"எரிகிறது" என்றேன். அவள் காத்திருந்தாள். இன்னொரு வாய் எடுத்து, மெதுவாக மென்றேன். "துவரம்பருப்பு நன்றாகக் குழைந்திருக்கிறது. முருங்கைக்காய் போட்டிருக்கிறார்கள். எரிச்சல் அடங்கின பிறகு... நன்றாக இருக்கிறது, ஞானம். மிகவும் நன்றாக இருக்கிறது."

"கூட்டு?"

கூட்டை எடுத்து வாயில் வைத்தேன். அவள் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, தன் இலையிலிருந்த சாதத்தை முழுதும் சாப்பிட்டு முடித்தாள்.