தயிர்சோறு வந்த பாட்டு

எங்கள் டெத் மெட்டல் ஆல்பத்தைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தன்னடக்கமாவது, மண்ணாங்கட்டியாவது. வெட்கக்கேடு, அவ்வளவுதான்.

கடலூரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. விபத்து வழக்குகள்தான் எங்களிடம் அதிகம். ஞாயிற்றுக்கிழமையானால் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன். அங்கே டிரம்ஸ் வாசிக்கிற என் நண்பன் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மாடி அறையைத் திறந்து வைத்திருப்பான். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்திக் கட்டியிருந்தோம். அப்படியும் பக்கத்து வீட்டு அம்மா, "ஆட்ட அறுக்குறீங்களா, ஆள அறுக்குறீங்களாடா?" என்று மொட்டைமாடியிலிருந்து கத்தும்.

நாங்கள் வாசித்தது டெக்னிக்கல் டெத் மெட்டல், சாவையும் கோரத்தையும் உறுமிப் பாடுகிற ஒரு ராக் வகை. அதில் வேகம் மட்டும் இருந்தால் போதாது, கணக்கும் வேண்டும். பதினொன்றில் போகிற தாளம் சொல்லாமல் கொள்ளாமல் ஏழுக்குத் திரும்பும், நிற்கும், மறுபடி பாயும். அதன்மேல் நான் அடித்தொண்டையில் உறும வேண்டும். இசை முடிந்துவிட்டது, வார்த்தைதான் வரவில்லை. ரத்தம், எலும்பு, நரகம் என்று நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு நண்பன் சிரித்தான். "மச்சான், பேய்ப்படத்துக்கு நோட்டீஸ் அடிச்ச மாதிரி இருக்குடா."

அந்தச் சமயத்தில் சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பைக்கில் போன அவர் மகன் மேல் லாரி மோதி, அங்கேயே உயிர் போய்விட்டது. ஒரு நாள் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் ஜெராக்ஸை என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ்ல இருக்கு தம்பி. புள்ளைக்கு என்னா ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. தமிழ்ல எழுதிக் குடுங்க."

பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். விலாவில் காயம், நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு. மண்ணீரல் கிழிந்த நிலையில். இரைப்பையில் பாதி செரித்த சோறு. அந்த இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தயிர்சோறுன்னு எழுதுங்க. அவுங்க அம்மா காலையில கட்டிக் குடுத்தது."

எழுதினேன். எனக்கும் கண் கலங்கியது. அது பொய்யில்லை.

ஆனால் அந்தக் காகிதத்தை அவரிடம் கொடுப்பதற்கு முன்னால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் ஃபைலுக்கு என்று சொன்னேன். எதற்கு என்று எனக்குத் தெரியாதா? உணர்ச்சியே இல்லாத அந்த வாக்கியங்கள் எங்கள் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்த ரகம் நான். ஞாயிற்றுக்கிழமை உறுமிக் காட்டியதும் நண்பன் டிரம்ஸ் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தான்.

"எங்கடா புடிச்ச இத?"

"சொந்தமா எழுதுனதுதான்டா" என்றேன்.

ஆல்பம் இணையத்தில் வெளியானது. எங்கள் உறுமல் யாருக்கும் புரியாது என்பதால் வரிகளைத் திரையில் ஓடவிட்டு வீடியோவும் போட்டோம். எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். அத்தனை கோரத்துக்கு நடுவில் தயிர்சோறு வருகிற இடத்தில்தான் உடம்பு நடுங்கியது என்று ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நான் நூறு தடவை படித்திருப்பேன். வீடியோவுக்குக் கீழே, "ஊறுகாய் எங்கப்பா?" என்று ஒருத்தன் கேட்டிருந்தான். அதற்கும் சிரிப்பு பொம்மை போட்டுவைத்தேன்.

அடுத்த வாய்தாவுக்கு அந்த விவசாயி வந்திருந்தபோது எங்கள் பெரிய குமாஸ்தா, "பெரியவரே, நம்ம தம்பி பாட்டு போட்டிருக்கான், வெளிநாட்டுக்காரன்லாம் கேக்குறான், பாருங்க" என்று தன் போனில் வீடியோவை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் கேஸ் கட்டைத் தேடுவதுபோல பீரோ பக்கம் ஒதுங்கினேன். உறுமல் ஆரம்பித்ததும் ஆபீசே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் அந்த அசைவு நின்றுபோனது. பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"புள்ள பேரு போடலியா தம்பி?"

அவர் அதை அஞ்சலி என்று நினைத்துவிட்டார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுகிற மாதிரி, அவர் மகனுக்கு நான் பாட்டு கட்டியிருக்கிறேன் என்று! அடுத்த தடவை போட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர், "கீழ என்னமோ எழுதியிருக்காங்களே, புள்ளையப் பத்தியா?" என்று விரலை வைத்தார். போனை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"ஐயா, இது உங்க மகனுக்காகப் போட்டது இல்ல. வார்த்தை நல்லா இருந்துச்சுன்னு நானா எடுத்துக்கிட்டேன்."

செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"மத்ததெல்லாம் டாக்டர் எழுதுனது. அத வேணா வச்சுக்குங்க. அந்தச் சோத்த மட்டும் எடுத்துடுங்க தம்பி. அது அவுங்க அம்மாளோடது."

அன்றைக்கே ஆல்பம், வீடியோ எல்லாவற்றையும் நீக்கினேன். நண்பனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. மறு ஞாயிறு மாடி அறை பூட்டியிருந்தது.

அதற்குள் யார் யாரோ பாட்டை இறக்கித் தங்கள் பக்கங்களில் ஏற்றிவிட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் எடுத்தால் இன்னொருவர் போட்டார். இப்போதும் கிடக்கிறது. அடுத்த மாதம் கோர்ட் வாசலில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"எடுத்துட்டீங்களா தம்பி?"

"எடுத்துட்டேன்யா."

"நல்லதுங்க" என்றார். "எடுத்தாச்சான்னு வீட்ல அவுங்க அம்மா தெனம் கேட்டுக்கிட்டே இருக்கு. போயி சொல்லிடறேன்."