மாமன் மடிக்குக் காத்திருந்த காது

தியானம் செய்தால் பிடிவாதம் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் அம்மா தியானம் செய்கிறார். அருள்புரத்தில் அவருடைய அண்ணன், என் தாய்மாமன், அவரும் தியானம் செய்கிறார். இருவரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து கண்ணை மூடி, உலகத்தில் உள்ள எல்லா உயிர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறார்கள். கூடப்பிறந்த உயிர் ஒன்று அரை மணி நேர வண்டித் தூரத்தில் இருக்கிறதே, அதனுடன் மட்டும் பேச மாட்டார்கள். இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டு அல்லாடியது என்னுடைய இரண்டு காதுகள்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் வராமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். எனக்கும் இரண்டு வயதிலேயே குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தார்கள். அந்த மாதம் பார்த்து மாமன் அருள்புரத்தில் நூலைப் பனியன் துணியாக்கும் நிட்டிங் கம்பெனி ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார். பூஜைக்கான பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். உறையின் மேல் கம்ப்யூட்டரில் அடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். நூல் வியாபாரிகளுக்கு ஒட்டிய அதே ஸ்டிக்கர்.

“ஒரே தங்கச்சி நானு. எனக்கு ஸ்டிக்கரா?” என்று அம்மா போகவில்லை. அங்கே மாமன், தங்கை வந்துதான் விளக்கேற்ற வேண்டும் என்று நல்ல நேரம் தீரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். வந்த கூட்டத்துக்கு நடுவில் இப்படித் தலைகுனிய வைத்துவிட்டாளே என்று அவரும் முறுக்கிக்கொண்டார். அண்ணன் வந்து அழைக்கட்டும் என்று இவர், தங்கை முதலில் கூப்பிடட்டும் என்று அவர். ஆறு வருடம் ஓடிவிட்டது. நான் மொட்டைக் காதோடு மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் நான்தான் ராணி என்று முடிவாகியிருந்தது. வசனமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒத்திகையன்று டீச்சர் ஜிமிக்கியை எடுத்துக்கொண்டு வந்து என் காதைப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைசியில் என்னை மந்திரியாக்கிவிட்டார். கண் மையால் மீசை வரைந்தார்கள். வசனமே மறந்துபோகிற இன்னொருத்தி ராணியாகிவிட்டாள். “இந்த வேகற வெயிலுல மீசை வேறயா?” என்று வீட்டுக்கு வந்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காது குத்தினால்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டேன்.

அம்மாவுக்கு அப்போது தோன்றியது என்ன தெரியுமா? எனக்குப் பிடிவாதம் அதிகமாகிவிட்டதாம்! ஜிப்பும் பட்டனும் விற்கிற கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தியான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வகுப்புதான். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

சொல்லிக்கொடுத்தவர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். கோபமே வராத குரல் அவருக்கு. கையை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணையும் மூடச் சொன்னார். “இதுதானுங்க பிடிவாதம். இறுக்க இறுக்க யாருக்கு வலிக்குது? எதிராளிக்கா வலிக்குது? உங்க கைக்குத்தானுங்க வலிக்குது. இப்ப மூச்சை மெல்ல உட்டுக்கிட்டே ஒவ்வொரு வெரலா விரிங்க.” ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும் ஏதோபோல் ஆகிவிட்டது.

பொய் சொல்லக் கூடாது, அந்த வகுப்பால் அம்மா மாறித்தான் போனார். எதிர் வீட்டுக்காரியுடன் தண்ணீர்க் குழாய்க்காக இருந்த சண்டையை அவராகவே போய்ப் பேசி முடித்தார். அப்பாவின் பனியன் யூனிட்டில் தாமதமாக வருகிற டெய்லர்களைத் திட்டுவதை நிறுத்தினார். யார்மேல் வருத்தமோ அவர்கள் பெயரை நோட்டில் எழுதி, தினமும் காலையில் சொல்லி வாழ்த்த வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். அம்மாவின் நோட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. விடிகாலையில் அவர் “எங்கண்ணன் நல்லா இருக்கோணும், எங்கண்ணன் குடும்பம் நல்லா இருக்கோணும்” என்று முணுமுணுப்பதைப் போர்வைக்குள் படுத்தபடி கேட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து ஓடினேன்.

“அப்ப மாமாவைக் கூப்பிடலாமுங்களாம்மா? எனக்குக் காது குத்தலாமா?”

அம்மா சிரித்தார். வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு வந்த சிரிப்பு அது. “என் மனசுல இப்ப ஒண்ணுமே இல்ல கண்ணு. எல்லாத்தையும் உட்டுட்டேன். உங்க மாமா வந்து ஒரு வார்த்தை கூப்புடட்டும், அடுத்த நிமிசம் பேசறேன்.”

முன்பாவது கத்தினால் பதிலுக்குக் கத்துவார், சண்டை போடலாம். இப்போது அதற்கும் வழியில்லை. சரி, ஒரு வார்த்தைதானே, அதை மாமனிடம் நானே போய்க் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் துணி எடுக்க அப்பா பல்லடம் பக்கம் கிளம்பியபோது ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன். வழியில் அருள்புரம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் மச்சான் கம்பெனி வாசலை மிதிக்க அவருக்குத் தைரியம் கிடையாது. “நீ வேணா போய்ப் பாத்துட்டு வா சாமி. நான் இந்த பேக்கரில ஒரு டீ குடிச்சுட்டு இருக்கறேன்” என்றார். எட்டு வயதுப் பிள்ளையைத் தூது அனுப்பிவிட்டுப் பப்ஸ் தின்னப் போன அப்பாவை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

நிட்டிங் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டி ஒரு கண்ணாடி அறையில் மாமன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து தூக்கிக்கொண்டார். மடியில் உட்கார வைத்து என் காது மடலை விரலால் தடவினார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியைக் காட்டினார். எனக்காக ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கி வைத்த கம்மல். அறையின் மூலையில் ஒரு பாய் விரித்திருந்தது. அம்மா தியானத்துக்கு விரிக்கிற அதே மாதிரிப் பாய்.

“அம்மா தெனமும் காலைல உங்க பேரைச் சொல்லி வாழ்த்தறாங்க மாமா” என்றேன்.

கண் கலங்கியபடியே மாமன் சிரித்தார். “நானுந்தான் கண்ணு வாழ்த்தறேன். இங்கயும் ஒரு கிளாசுக்குப் போறேன். என் மனசுல இப்ப ஒண்ணுமே இல்ல. உங்கம்மா ஒரு வார்த்தை கூப்புடட்டும், அடுத்த நிமிசம் வந்து நிப்பேன்.”

அம்மாவின் அதே வார்த்தைகள், அதே சிரிப்பு! எனக்கு வந்ததே ஆத்திரம். மடியிலிருந்து குதித்து இறங்கினேன். “ஒண்ணுமே இல்லைன்னா எதுக்கு மாமா கூப்புடோணும்? ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க. கண்ணை மூடி உக்காந்துட்டுப் பொய் சொல்றீங்க!” என்று கத்தினேன். மெஷின் சத்தத்தையும் மீறி வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமன் என்ன செய்தார்? கண்ணை மூடி மூச்சை இழுத்து விட ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. வந்துவிட்டேன்.

பேக்கரி பெஞ்சில் போய் உட்கார்ந்தவள், இன்றைக்கே காது குத்தாவிட்டால் வண்டி ஏற மாட்டேன் என்றேன். மாமன் மடி இல்லாமல் எப்படி சாமி என்று அப்பா கெஞ்சினார். மாமனும் வேண்டாம், மடியும் வேண்டாம் என்று அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கிறார்கள், அப்பா தவிக்கிறார். கல்லாவில் இருந்தவர்தான் வழி சொன்னார்: “ஏனுங்க, புள்ளைய இப்படி அழ உடறீங்க? டவுன்ல நகைக்கடையிலயே துப்பாக்கி வெச்சு டப்பு டப்புன்னு குத்தி உட்டர்றாங்களே!”

அப்படித்தான் குத்தியது. இரண்டு டப்பு, இரண்டு பொட்டுக் கம்மல், முடிந்தது. சுழல் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வலித்தது, ஆனால் அழவில்லை. இத்தனை பெரிய ஆட்களால் ஆறு வருடமாக முடியாததை நான் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேனே! வீட்டுக்குப் போனதும் அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் “வலிச்சுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாமன் இல்லாமலும் காரியம் நடக்கும் என்று ஒருமுறை ஆகிவிட்ட பிறகு எல்லாமே சுலபமாகிவிட்டது. பின்னால் நான் பெரியவளானபோது சீர் செய்ய ஒன்றுவிட்ட மாமா ஒருவரைக் கூப்பிட்டார்கள். அந்த முறை யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது நகைக்கடை வாசலில் நடந்ததை. ஸ்கூட்டரை எடுக்கப்போன அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். கடைக்குள் இருந்தபோது யாரோ நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா திருப்பிக் கூப்பிட்டார். “சொல்லுங்க மச்சான்... என்னங்க? நாளைக்கேவா? நீங்களே ஊட்டுக்கு வர்றீங்களா மச்சான்?” அப்பாவின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். என் காதைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “இல்லீங்க மச்சான்... இப்பத்தானுங்க... புள்ள ரொம்ப அழுதுச்சுங்க... குத்தியாச்சுங்க.” அந்தப் பக்கம் கட் செய்துவிட்டார்கள் போல, போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“யாருங்கப்பா?” என்றேன்.

“ராங் நம்பர் கண்ணு.”

நம்பிவிட்டேன். ராங் நம்பரில் வந்தவரை அப்பா எதற்கு மச்சான் என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்கூட்டர் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, இரண்டு கம்மலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.