கிள்ளானில் நட்சத்திரம் அளக்க நான் கட்டிய தூண்

பிரிக்பீல்ட்ஸில் இரண்டு செங்கல் சூளை என்னுடையவை. ரெயில்வேக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் பாதி என் கல். டெங்கில் தோட்டத்துப் பாலம், வெள்ளம் வந்தும் அசையாதது, நான் கட்டியது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. கப்பலில் வந்து இறங்கியபோது கையில் கொத்துவேலைக் கரணை ஒன்றுதான். இவ்வளவும் சொல்வது, அப்படிப்பட்டவன் கட்டிய தூண் ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்பது வாசகர்களுக்கு விளங்கவே.

சொன்னவர் கிள்ளானில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற சர்வேயர் கந்தையா. தம் தூரதிருஷ்டிக் கண்ணாடியை நிறுத்த என்னிடம் ஒரு தூண் கட்டச் சொன்னார். கட்டிக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தூணை இடித்துவிட்டு வேறு கண்ட்ராக்டரிடம் கொடுக்கப் போகிறார் என்று ஸ்டேஷனில் வேலை செய்யும் அவருடைய மைத்துனர் வந்து சொன்னார். இடிக்கும் முன் நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

சனிக்கிழமை காலை ரெயிலேறினேன். மூன்றாம் வகுப்பு, ஐம்பது காசு. பெட்டாலிங் தாண்டினால் இருபுறமும் ரப்பர்தான். எதிரே இருந்த தோட்டத்துக் கங்காணி என் பையிலிருந்த தூக்குக் குண்டைப் பார்த்து என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். "நட்சத்திரத்துக்கு வீடு கட்டப் போறீங்களாக்கும், அண்ணே" என்றார். பத்து தீகா ஸ்டேஷன் வரை பெட்டியே சிரித்தது.

கிள்ளானில் ரிக்‌ஷா பத்துக் காசு. சர்வேயர் வீடு குன்றின்மேல். அவர் மனைவி சோறும் மீன்குழம்பும் போட்டு, சாப்பிட்ட பிறகே தூண் பேச்சை எடுக்கவிட்டார். தூணுக்குத் தூக்குக் குண்டு பிடித்தேன். மயிரிழை சாயவில்லை. பிறகு எப்படி ஆடுகிறது என்று கேட்டேன். விளக்கு வைக்கட்டும், நீங்களே பாருங்கள் என்றார் சர்வேயர்.

பொழுது போனதும் தூண் நிற்கும் அறையின் தகரக் கூரையை இழுத்துத் தள்ளி, என்னைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார். அவர் அளக்கும் நட்சத்திரம் தலைக்கு நேர் மேலே. வெறுங்கண்ணுக்கு ஒன்று, கண்ணாடியில் இரண்டு. பெரியது மஞ்சள், சின்னது செம்மை. கண்ணாடிக்குள் குறுக்கே சிலந்தி நூல் கட்டியிருந்தார். அதை வைத்துத்தான் அளப்பு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றனவாம். சுற்றும் வழியில் ஒரு துளி கோணல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது என்று சீமையில் சிலர் சொல்கிறார்கள். அளந்தவர் பிழை என்று சிலர் மறுக்கிறார்கள்.

"இருட்டில ஒரு தாய் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு நடக்கிறா எண்டு வையுங்கோ. பிள்ளை தெரியாது. தாயின்ர நடை கோணுறது தெரியும். அதைத்தான் நான் அளக்கிறன்" என்றார் சர்வேயர்.

அப்போது அம்மையார் தேநீரோடு உள்ளே வந்தார். நட்சத்திரம் தூண்டிலில் பட்ட மீன்போலத் துள்ளியது. அவர் நின்றார், அதுவும் நின்றது. காலடி தரை வழியாகத் தூணில் ஏறுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"தூணுக்கும் தரைக்கும் நடுவில இடைவெளி விடச் சொன்னனான். விட்டனீங்களோ?" என்று கேட்டார் சர்வேயர்.

"விட்டேங்கய்யா. அப்புறம் அடைச்சிட்டேன்."

"ஏன் அடைச்சனீங்கள்?"

"சந்து விட்டு வேலையை ஒப்படைக்கிற ஆளு நான் இல்லீங்க. கல்லும் சுண்ணாம்பும் வச்சு இறுக்கிப் பூசிட்டேன். அதுக்குக் காசுகூட வாங்கல."

"இனாமாத் தந்தது எண்டபடியாத்தான் இவ்வளவு இறுக்கம்" என்றார் அம்மையார். சர்வேயர் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வேறொருவராக இருந்தால் அன்றே என்னை வழியனுப்பியிருப்பார். இவர் திண்ணையில் எனக்குப் பாய் போட்டு, காலையில் நீங்களே செய்யுங்கள் என்றார். அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.

ஞாயிறு காலை உளி பிடித்தேன். கூலியாளை விடவில்லை. தூணைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு, அஸ்திவாரம் வரை வெட்டி எடுத்தேன். என் பூச்சு அவ்வளவு லேசில் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு உளி மழுங்கிற்று.

இருட்டியதும் சர்வேயர் கண்ணாடியில் கண் வைத்தார். நானும் அம்மையாரும் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பிறகு நான் குதித்தேன், இந்த வயதில். அவர் சிலந்தி நூலைத் திருகி, அளந்து, மறுபடி அளந்தார். மேகம் வந்து மூடிய பிறகுதான் எழுந்தார்.

"இனிக் கோணல் கண்டால், அது நட்சத்திரத்தின்ர கோணல். உங்கட தூணின்ர இல்லை" என்றார்.

திங்கள் காலை ரெயிலில் திரும்பினேன். பிரிக்பீல்ட்ஸில் சூளைப் புகை எழுவது தெரிந்தபோது, இந்த ஊர் மண்ணுக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பாலத்துக்கும் வீட்டுக்கும் என்று சுட்ட கல், வானத்தை அளக்கவும் நிற்கிறதே.

கிரகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. சர்வேயருக்கே இன்னும் தெரியாது. அவர் கணக்கை முடித்துச் சீமைக்கு எழுதும் நாளில், கண்ணாடி செய்தவன் பெயரைக் கட்டாயம் போடுவார். அதற்குக் கீழே, தூண் கட்டியவர் பிரிக்பீல்ட்ஸ் கண்ட்ராக்டர் மு. சுப்பையா என்றும் இருக்க வேண்டும். இடைவெளியை அடைத்து வெட்டியவரும் அவரே என்று சேர்த்து எழுதட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.