அக்கா விழுங்காத மாத்திரைகள்

டாக்டர்கள் ஆஸ்துமா என்றதை நாங்கள் இழுப்பு என்போம். எழுபதுகளில் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நான் கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்குப் போய் ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. "எனக்கு மூச்சு வரல, உனக்குப் புள்ள வரல" என்று அவளே கேலி செய்வாள்.

மொரப்பூரில் ரயிலேறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் ரத்தம் எடுத்தார்.

"ரத்தத்துல என்சைம்னு ஒண்ணு இருக்கும்மா. மருந்துக்கு முன்னாடி அதோட அளவு எப்படி, பின்னாடி எப்படின்னு பாக்கறோம். மாறுனா மருந்து கேக்குதுன்னு தெரியலாம். நிச்சயம்னு சொல்ல முடியாது" என்றார். புது மருந்து, தினம் ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம்.

முதல் வாரத்திலேயே, உட்கார்ந்தபடி தூங்கிய அக்கா கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அதை எனக்குக் கார்டு போட்டு எழுதியிருந்தாள்.

ஆறு வாரம் கழித்துப் போனால், ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளுக்கு இழுத்தது. என்னவென்று கேட்டேன். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாளாம்.

"எல்லாரும் கறிய வுடறாங்க. நம்ம வூட்ல கறி என்னைக்கு வெந்துச்சு, வுடறதுக்கு? எங்கிட்ட ஒசத்தியா இருந்தது அந்த மாத்திரதான். உனக்கொரு கொழந்த வேணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டு அத வுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிப்புடாத, நேர்ச்ச கெட்டுடும்."

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அவள் கேட்டுக்கொண்டதற்காக என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தது பொய். எனக்குக் குழந்தை வேண்டியிருந்தது.

ரத்தத்தில் அளவு மாறவில்லை. இந்த மருந்து இவங்களுக்குக் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டு, பழைய மருந்தையே எழுதிக் கொடுத்தார்கள்.

மறு வருடம் மகள் பிறந்தாள். நேர்ச்சையால்தானா என்று எனக்குத் தெரியாது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவாள். அவள் நெஞ்சில் விசிலடிக்கும் சத்தத்துக்குக் குழந்தை சிரிக்கும். அந்த வருட ஐப்பசி மழையில் அந்தச் சத்தம் நின்றுபோனது.

அந்த இழுப்பையாவது இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது. மொரப்பூரில் ரயில் ஏறும்போதெல்லாம், டாக்டரிடம் சொல்லாமல் விட்டதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். மகளுக்குப் 'பெரியம்மா' என்று கூப்பிட வாய் வந்தபோது, 'என்னடி' என்று கேட்க அவள் இல்லை.