கையில நூல், மேசைக்கு அடியில ஃபேன்

இன்னைக்குப் பண்டாரவளையில சாரல் மழை. ஊரே சுவெட்டர் போட்டிருக்கு. நான் மட்டும் துணிக்கடையில வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன்.

கேட்ட கலர் இல்லைன்னு சொன்னதுக்கே அழுகை வந்துருச்சு. நாற்பத்தேழு வயசுல, ஒரு உள்பாவாடைக்கு!

கடைக்காரம்மா, நாங்க ராத்தான்னு கூப்பிடுற முஸ்லிம் அக்கா, மேசைக்கு அடியில இருந்து ஒரு குட்டி ஃபேனை எடுத்து என் பக்கம் திருப்பி வச்சாங்க. அப்புறம் என் கையில இருந்த கோயில் நூலைப் பார்த்தாங்க.

"கோவம் கூடிப்போச்சுன்னு கட்டினாங்களா?"

"ஆமாங்க. போன வாரம் சோத்துத் தட்டைத் தூக்கி வீசிட்டேன். தேயிலைத் தோட்டத்துல எல்லாரும் காத்து கருப்புன்னு சொல்றாங்க. எனக்கே பைத்தியம் புடிக்குதோன்னு பயமா இருக்கு."

அவங்க சிரிச்சாங்க. "எனக்குத் தாயத்து கட்டினாங்க. பிறகுதான் டொக்டர்கிட்ட போனேன். மாசம் வாறது நிக்கப்போற வயசுல இப்படித்தான் வேர்க்குமாம், மனசும் ஆடுமாம். மருந்து இருக்கு. நீங்களும் போய்க் காட்டுங்க."

வீட்டுக்குப் போக பூனாகலை பஸ்ஸுல ஏறி உட்கார்ந்தப்ப, எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நெஞ்சு லேசா இருந்துச்சு. பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. நாளைக்குக் கிளினிக் போறேன்.

நூல் இருக்கட்டும், மாமியார் ஆசையா கட்டினது. இதே கோவத்துக்கு நூல் கட்டிக்கிட்ட மத்தவங்களும் அந்தக் கையைத் தூக்குங்க பார்ப்போம்.