சித்தியின் வலது தோள்

சித்தியின் வலது தோளைப் பற்றி அந்த வருஷம் எங்கள் ஊரில் கருத்துச் சொல்லாதவர்களே இல்லை. சித்தியிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் வயதுக்கு வயது மாறிக்கொண்டே வருகிறது.

நாசரேத்திலிருந்து சாத்தான்குளம் போகிற வழியில் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை நடக்கும். அந்த வாரம் பெண்களுக்கான வாலிபால் போட்டியும் உண்டு. சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வரும். எங்கள் அணிக்கு அம்மாதான் கேப்டன். பகலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சாயங்காலமானால் சேலையை மாற்றிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. வாலிபாலில் அடிப்பவளுக்குத்தான் கைதட்டல். அடித்த பந்து வலையில் விழுந்தால் திட்டு மட்டும் தூக்கிக் கொடுத்தவளுக்கு வரும். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் குறைபட்டதில்லை.

அந்த வருஷம் எங்கள் அணியில் அடிப்பதற்கு ஆள் இல்லை. நன்றாக அடித்துக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். ஒவ்வோர் அணியும் வெளியூரிலிருந்து ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று போட்டியில் விதி இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சித்தி, அம்மாவுக்கு ஒரே தங்கை. தூத்துக்குடியில் ஒரு தனியார் கம்பெனி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டி அந்தக் கம்பெனியின் மைதானம். அவள் பந்தை அடிக்கும் சத்தம் கேட்டு டிரைவர்கள் இறங்கிவந்து மதில்மேல் ஏறிப் பார்ப்பார்களாம். ஒரு போட்டியில் தோளில் ஏதோ கிழிந்துவிட்டது. குணமானதும் வா என்று சொன்னார்கள். ஓரளவு தேறியதும் அவள் போய்ப் பார்த்தபோது, அவளுடைய நம்பர் போட்ட பனியனை வேறொரு பெண் உடுத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். மேனேஜர் பெரிய மனது பண்ணி, கம்பெனி கொடுத்த பையை மட்டும் நீயே வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பையோடுதான் சித்தி வந்தாள். உள்ளே எனக்கு ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் இருந்தது.

வந்த மறுநாள் காலையில் அவள் நனைந்த போர்வையைக் கொடியில் போடுவதைப் பார்த்தேன். வலது கை பாதிக்கு மேல் போகவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இடது கையால் போர்வையைச் சுருட்டி எறிந்தாள். அது கொடியைத் தாண்டி மண்ணில் விழுந்தது. அப்போதுதான் நான் நிற்பதைக் கவனித்தாள்.

"உங்க அம்மைட்ட சொல்லாத, என்ன?"

நான் சொல்லவில்லை. அந்த ரகசியம் என்னை ஒரே நாளில் பெரிய மனுஷி ஆக்கிவிட்டது. அவள் ஏன் மறைக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். சென்னையில் ஒரு வங்கியின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் அந்த வருஷப் பரிசளிப்புக்கு வருவதாக இருந்தது. நன்றாக ஆடுகிறவர்களில் இரண்டு பேரை வேலைக்கு எடுப்பார் என்று பேச்சு. சித்திக்கு எப்படியாவது அவர் கண்முன் களத்தில் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் கூட்டம் கூடியது. அணியில் ஆடும் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பாவின் தங்கையான அத்தையும் அதில் ஒருத்தி. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் போட்டிக் கமிட்டியின் செயலாளர் அண்ணாச்சி. இரும்புக்கடை வைத்திருந்தார். வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் அணிக்குப் பனியன் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அவருக்கு விளையாட்டும் தெரியும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"முழுசா அடிக்கலன்னாலும் பரவால்ல," என்றார் அண்ணாச்சி. "அவ பேரக் கேட்டாலே எதுத்தாப்ல நிக்கிறவ பயப்படுவா. ரெண்டு மாத்திரயப் போட்டு இறக்கிருவோம்."

"மாத்திர என்னத்துக்கு, வலிக்கு ஊசியே இருக்காம். நான் கேட்டுட்டேன்," என்றாள் அத்தை.

கல்யாணம் ஆகாத பிள்ளை, கை விழுந்துவிட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று ஒருத்தி கவலைப்பட்டாள்.

"தாலி கட்டிக்கக் கழுத்து இருந்தாப் போதும். தோளு என்னத்துக்கு?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தி அப்போது அடுக்களையில் இவர்களுக்குத்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு திரைச்சீலை மட்டுமே இருந்தது. அவளைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்து, கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். திரும்பச் சொன்னார்கள். பின்னால் கொண்டுபோகச் சொன்னார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள்கூட இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சித்தி சிரித்துக்கொண்டே கையைக் காதுவரை உயர்த்தினாள். அவள் மேலுதட்டில் வியர்வை பொடித்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"அது போதும்மா, அது போதும்," என்று அண்ணாச்சி திருப்தியோடு தலையாட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் அம்மா. "மேல் தட்டுலருந்து ஒரு டப்பாவ எடுக்க அவளால முடியாது. நானும் பாத்துகிட்டுதான் இருக்கேன். நான் கேப்டனா இருக்கதுவரைக்கும் அவ ஆட வேண்டாம்."

சித்தி கையை இறக்கினாள். டீத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை பேர் முன்னால் மாட்டைப் போல நின்றபோதுகூடச் சிரித்த முகம், அப்போதுதான் செத்துப்போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கட்டிக்காத்த ரகசியத்தை அம்மா ஊரைக் கூட்டி உடைத்துவிட்டாள். அதோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினேன். டிபன் பாக்ஸை அவள் கையிலிருந்து வாங்காமல், மேசையில் வைக்கும்படி சைகை காட்டினேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கு இதெல்லாம் புதிதல்ல. மேசையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த வாரத்திலேயே எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய பக்கத்து ஊர் அணியின் கேப்டன் அக்கா இறங்கினாள். எங்களுக்கும் அவர்களுக்கும் பல வருஷத்துப் போட்டி. அவள் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"கை எப்படியிருக்குன்னு கேக்க மாட்டேன். அது உனக்குத்தான் தெரியும். ஆட வாரியா?" என்றாள் சித்தியைப் பார்த்து.

"வாரேன்," என்றாள் சித்தி.

கம்பெனிப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் ஏறியபோது அம்மா வாசலுக்கு வந்து, "ஏளா, ரொம்ப எம்பி அடிக்காத," என்றாள். சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஊருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாத்திரை கொடுத்து இறக்குவதற்குத் தயாராக இருந்தவர்கள் எல்லோரும், இருந்த வீட்டுக்கு இரண்டகம் செய்துவிட்டாள் என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பொங்கினார்கள். எங்கள் வீட்டுச் சோற்றைச் சித்தி எத்தனை நாள் சாப்பிட்டாள் என்று அத்தை கணக்குச் சொன்னாள். அண்ணாச்சி ஒரு வேத வசனத்தை அனுப்பி, அதன் கீழே துரோகிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார்.

இறுதிப் போட்டியில் எங்கள் ஊரும் தேரிக்காட்டு ஊரும் மோதின. நான் எதிர் அணியின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, தெரிந்ததும் சத்தம் போட்டுச் சிரித்து, அவித்த கடலையைக் கை நிறையக் கொடுத்தார்கள். பந்தலுக்குக் கீழே பயிற்சியாளர் சார் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சித்தி பழைய சித்தியாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அடித்தாள். ஓங்கி அடிக்க முடியாத இடத்தில் விரல் நுனியால் தட்டி, ஆளில்லாத மூலையில் பந்தை விழவைத்தாள். ஆளுக்கொரு செட் ஜெயித்து, கடைசி செட்டில் இரண்டு அணிகளும் சமமாக வந்துகொண்டிருந்தபோது, எம்பி ஒரு பந்தை முழு வேகத்தில் அடித்தாள். பாயின்ட் கிடைத்தது. இறங்கியவள் குனிந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. மைதானம் முழுவதும் அதைப் பார்த்துவிட்டது.

"அவ தோளுக்குப் போடு! தோளுக்கு மேல போடு!" என்று எங்கள் ஊர்ப் பக்கம் எழுந்து நின்று கத்தியது. அத்தையும் களத்துக்குள் நின்று அதையேதான் கத்தினாள். அடுத்த பாயின்ட் எங்களுக்குக் கிடைத்து, சர்வீஸ் அம்மாவிடம் வந்தது. அம்மா நினைத்த இடத்தில் பந்தைப் போடுவாள். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, அதன்மேல் விழும்படி போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் சித்தியைப் பார்த்தாள். பிறகு எதிர் மூலையில் நின்ற வேறொரு பெண்ணுக்குப் போட்டாள்.

அடுத்த தடவையும் அப்படியேதான். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெல்லத் தட்டிவிடும்போதும் சித்தி நிற்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தட்டினாள். சித்தி நிமிர்ந்து நின்றாள். எல்லோரும் பார்க்கத் தன் வலது தோளைத் தானே தட்டிக் காட்டினாள்.

"இங்கன போடுக்கா! இங்கன போடு!"

எங்கள் பக்கம் ஊளையிட்டது. அம்மா காதில் விழாதவள்போல மறுபடியும் அந்த மூலைக்கே போட்டாள். அந்தப் பெண்ணுக்கு அதற்குள் பழகிவிட்டது. நிதானமாக எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் தோற்றோம்.

கோப்பையை வாங்க அவர்கள் போனபோது நான் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றேன். பயிற்சியாளர் சார் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பிள்ளைக்கு நல்ல மூளை. ஆனா எதிர் டீமே பாவம் பாத்து ஆடுதுன்னா, தோளு அந்த அளவுக்குப் போயிருக்குன்னுதானே அர்த்தம்?" வேறு இரண்டு பெண்களின் பெயரை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த சித்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வரும் வழியெல்லாம் ஊரே அவளைத் திட்டியிருந்தது, தங்கைக்காக ஊரை விற்றுவிட்டாள் என்று. சித்தியாவது வந்து அவளைக் கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்தேன்.

"ஏன்க்கா போடல?" என்றாள் சித்தி.

"உனக்கு வலிக்கும்னுதான்ளா."

"வலிக்கட்டும். யாரு தோளு அது? நாலு பேரு முன்னால நீ வேண்டாம்னு சொன்னேல்லா, அதக்கூட நான் பொறுத்துகிட்டேன். வாயால சொன்ன. இன்னைக்கி ஊருக்கு முன்னால பந்தால சொல்லிட்டியே. அந்த சாரு என்னையவா பாத்தாரு? நீ எங்கன போடாம விடுதேன்னுதானே பாத்தாரு? நீ போட்டிருந்தா நான் எடுத்திருப்பேன். எடுக்கலன்னா எடுக்கல. அதையும் நான்ல்லா தெரிஞ்சிருக்கணும்!"

சொல்லிவிட்டுக் கோபத்தில் அழுதாள். தோற்றவள் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஜெயித்தவள் நின்றுகொண்டு அழுகிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அத்தனை நாளும் சித்திக்காகக் கோபப்பட்டு, அம்மாவிடம் பேசாமல் இருந்தவள் நான். அந்த நிமிஷம் சித்தி மேல் கோபம் வந்தது. அவளுக்காகத்தானே அம்மா தோற்றாள், இவ்வளவு நன்றிகெட்டவளாக இருக்கிறாளே என்று நினைத்தேன். அத்தை சொன்னது சரிதான் என்றுகூடத் தோன்றியது.

அந்த வேலை சித்திக்குக் கிடைக்கவில்லை. வேறு எந்த வங்கியிலிருந்தும் யாரும் வரவில்லை. இன்று அவள் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். அன்றைக்கு அம்மா அந்தப் பந்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சித்தியின் ஆத்திரமே அதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் போட்டிக்கு மறுநாள் காலையில் எனக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் காலையில் பந்து அடிபடும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. மைதானத்துக்கு ஓடினேன். பந்தலைப் பிரித்து மூங்கில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வலையை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை. வலையோரம் நின்று அம்மா பந்தை உயரத் தூக்கிவிட்டாள். சித்தி ஓடிவந்து எம்பி அடித்தாள். பந்து வலையில் விழுந்தது. சித்தி தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொன்னு," என்றாள்.

அம்மா தூக்கினாள். முந்தின நாள் போடாமல் விட்ட அதே உயரம், வலது தோளுக்கு நேர் மேலே. சித்தி அடித்தாள். மறுபடியும் வலை. அவள் முகம் கோணிப்போயிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "இன்னொன்னு." அம்மா பந்தை எடுத்து வந்தாள், தூக்கினாள். ஒரு தடவைகூடத் தாழ்த்திப் போடவில்லை.

"போதும்மா! விடும்மா!" என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.

தோற்ற கோபத்தை அம்மா சித்தியின் தோளில் தீர்த்துக்கொள்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி, வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அப்படியே சொன்னேன். உடனே போய்த் தடுங்கள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மைதானத்திலிருந்து வரும் சத்தத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, தடுக்கப் போகாமல், மறுபடியும் பல் தேய்க்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து அப்பாவிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.